முத்தியால்பேட்டை மாடி ரஷ்யன் கிளாஸ்: 8 சனிக்கிழமை போயிட்டு வந்து எழுதுறேன்

முதல்லயே சொல்லிடுறேன், ரஷ்யன் பேசக் கத்துக்கணும்னு இந்த கிளாஸ்ல போய் சேராதீங்க, ஏமாந்துடுவீங்க. எட்டு சனிக்கிழமை ஒண்ணு விடாம போயும் எனக்கு வாயில வர்றது வணக்கம், நன்றி, இந்தாங்க சாவி, அவ்ளோதான். ஆனா ரஷ்யாவோ உக்ரைனோ போலந்தோ செர்பியாவோ, ஒரு பாஸ்போர்ட்ட எங்கிட்ட நீட்டுனா இதுல எது சொந்தப் பேரு, எது அப்பா பேரு, எது குடும்பப் பேரு, வந்திருக்குறது ஆம்பளையா பொம்பளையா, ரெண்டு பேரும் ஒரே குடும்பமா, இதெல்லாம் இப்ப ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவேன். என் வேலைக்கு அது போதும். 3,000 ரூபா ஃபீஸ், ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் புக் அதுலயே சேந்துடுது.

நான் ஏன் போனேன்னு சொன்னாத்தான் இந்த ரிவ்யூ யாருக்கு உதவும்னு புரியும். எனக்கு ஊர் கடலூர் ஓல்ட் டவுன், டெய்லி பஸ்ஸுல பாண்டி வந்து ஒயிட் டவுன்ல ஒம்போது ரூம் இருக்குற ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல ரிசப்ஷன் பாக்குறேன். டிசம்பர்லேந்து மார்ச் வரைக்கும் வெளிநாட்டு கெஸ்ட் ஜாஸ்தி, பாதிப் பேரு ஆரோவில் போற வழியில ரெண்டு நாள் தங்குறவங்க. ஃபாரினர் யாரு வந்து தங்குனாலும் 24 மணி நேரத்துக்குள்ள சி ஃபார்ம் ஆன்லைன்ல ஏத்தணும், அதுல பேரு தப்பானா போச்சு, போன் மேல போன். போன சீசன்ல ஒரு புக்கிங் வந்துச்சு, பேரு நிகிதா. எங்க தெருவுலயே மூணு நிகிதா இருக்கு, எல்லாம் பொம்பளப் புள்ளைங்க, நான் என்ன பண்ணேன், "வெல்கம் மேடம்"னு மெசேஜ் அனுப்பிட்டு, லேடீஸ்னா நாங்க ரூம்ல மல்லிப்பூ சரம் வைக்கிறது வழக்கம், அதையும் வச்சுட்டு உக்காந்திருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு வந்து நிக்கிறாரு ஆறடி ஒசரத்துல தாடி வச்ச ஒரு ஆளு. நல்ல மனுசன், பூவ வாங்கி கழுத்துல போட்டுக்கிட்டு போட்டோ எடுத்துக்கிட்டாரு. எனக்குத்தான் மூஞ்சிய எங்க வைக்கிறதுன்னு தெரியல.

அடுத்த மாசமே இன்னொண்ணு. புருஷன் பொண்டாட்டி வந்தாங்க, அவரு பாஸ்போர்ட்ல ஓவ்-னு முடியுது, அவங்களுதுல ஓவா-னு முடியுது, எங்கூட வேல பாக்குற தம்பி இது ஸ்பெல்லிங் மிஸ்டேக்குன்னு முடிவு பண்ணி ரெண்டு ஃபார்ம்லயும் ஒரே மாதிரி அடிச்சு ஏத்திட்டான். அதுக்கும் முன்னாடி ஒரு அம்மா யூலியான்னு புக் பண்ணிட்டு பாஸ்போர்ட்ல ஐ யூ எல் ஐ ஐ ஏ-ன்னு வச்சிருந்தாங்க, ஆள் வேறயோன்னு அரை மணி நேரம் நிக்க வச்சுட்டோம். இந்த மூணும் சேந்துதான் எங்க ஓனர் அண்ணன் "நீ போய் கத்துக்கிட்டு வாம்மா, பாதி காசு நான் தரேன்"னாரு. அந்தப் பாதி இன்னும் வரல, அது தனிக் கதை.

கிளாஸ் நடக்குறது முத்தியால்பேட்டையில ஒரு வீட்டு மொட்டை மாடி ஷெட்ல. போர்டு கிடையாது, பேரும் கிடையாது, எல்லாம் வாய் வழியா தெரிஞ்சு வர்றதுதான். டீச்சரம்மாவுக்கு எழுபது இருக்கும். நெய்வேலியில வளந்தவங்க. 1962ல ஓட ஆரம்பிச்ச முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில கட்டுனதுல்ல, அப்ப அவங்க அப்பா அங்க வேலையில இருந்தாராம், ரஷ்யன் இன்ஜினியருங்க குடும்பம் டவுன்ஷிப்லயே இருந்ததால அந்தப் புள்ளைங்களோட வெளாடி காதுல ஏறுனது, பிறகு எழுபதுகள்ல மாஸ்கோவுக்கே போய் படிச்சிருக்காங்க. நாங்க மொத்தம் 11 பேரு. மெடிக்கல் படிக்க ரஷ்யா போகப்போற பசங்க நாலு, எங்கள மாதிரி ஓட்டல் ஆளுங்க மூணு, ரெண்டு நர்ஸ், ஒரு டாக்சி அண்ணன், பேங்க்ல ரிட்டையர் ஆன ஒரு செஸ் பைத்தியம் தாத்தா.

முதல் கிளாஸ்லயே என் காசு எடுத்துடுச்சுன்னு சொல்லலாம். போர்டுல இவான்னு எழுதுனாங்க. நம்ம ஊர்ல முருகனுடையன்னு சொல்றோம்ல, அந்த "உடைய"தான் ஓவ். இவானோவ்னா இவானுடைய. யாரு? பையன். இவானோவா, இவானுடைய பொண்ணு, இல்லன்னா சம்சாரம். இவானோவோ, இவானுடைய ஊரு. ஒரே சொல்லு, வால் மட்டும் மாறுது, ஆம்பளைக்கு ஒண்ணு பொம்பளைக்கு ஒண்ணு ஊருக்கு ஒண்ணு. மாஸ்கோவுக்கு வடகிழக்க இவானோவோன்னு நெஜமாவே ஒரு பெரிய ஊரு இருக்கு, துணி மில்லுக்கு பேர் போனது. மாஸ்கோ ஏர்போர்ட்டு ஷெரமெத்யெவோ கூட அதே கணக்குதான், ஷெரமெத்யெவ்-னு ஒரு குடும்பப் பேர்லேந்து வந்த ஊர்ப்பேரு. பேரு "ஆ"ன்னு முடிஞ்சா ஓவ் ஒட்டாது, இன் வரும், இல்யாவுக்கு இல்யின், நிகிதாவுக்கு நிகிதின். 15ஆம் நூற்றாண்டுல த்வேர்லேந்து கெளம்பி நம்ம நாட்டுக்கு வந்து பீதர் வரைக்கும் போன வியாபாரி அஃபனாசி நிகிதின் இருக்காருல்ல, அவருக்கு அது குடும்பப் பேரே கிடையாது, நிகிதா மகன் அஃபனாசின்னு அர்த்தம். நான் அங்கேயே எழுந்து என் மல்லிப்பூ கதைய சொன்னேன், டீச்சரம்மா மூக்குக் கண்ணாடிய கழட்டி வச்சுட்டு சிரிச்சாங்க. நிகிதான்னா கிரேக்கத்துல ஜெயிச்சவன், நம்ம விஜயன் மாதிரி, 1955ல இந்தியா வந்த குருஷேவ் பேரே நிகிதாதான், அப்ப வந்திருந்தாலும் பூ வச்சிருப்பியான்னு கேட்டாங்க.

இந்த இடத்துல அந்த செஸ் தாத்தா பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா கிளாஸ்ல பாதி அவருதான். காஸ்பரோவ்னா என்ன, கார்போவ்னா என்னன்னு ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே இருப்பாரு. கார்போவ்னா கார்ப்ங்கிற ஆளோட வாரிசு. அலெக்கின்னா அல்யோகாவோட பையன், அல்யோகாங்கிறது அலெக்சேயோட செல்லப்பேரு. காஸ்பரோவ்தான் நல்லா இருந்துச்சு: அப்பா வழிப் பேரு வேற, அம்மா ஆர்மீனியாக்காரங்க, அவங்க குடும்பப் பேரு காஸ்பாரியன், அதத்தான் ரஷ்யன் வால் போட்டு காஸ்பரோவ்னு ஆக்கியிருக்காங்க, காஸ்பார்னா நம்ம கிறிஸ்துமஸ் குடில்ல வைக்கிற மூணு ராஜாவுல ஒருத்தர் பேரு. கிராம்னிக்குனா உக்ரைன் பேச்சுல கடைக்காரர். உடனே தாத்தா, 2008ல பான் ஊர்ல நம்ம ஆனந்த் அந்தக் கடைக்காரரத்தான ஜெயிச்சாருன்னு ஆரம்பிச்சு முழு மேட்சையும் சொல்ல, 20 நிமிஷம் போச்சு. ஆனா அதுலேந்து ஒரு நல்ல பாயிண்ட் கெடச்சுது. உலகம் பூரா ஆனந்த விஷின்னு கூப்புடுறான், விஸ்வநாதன்ங்கிறது அவங்க அப்பா பேரு. நம்ம இனிஷியல் மேட்டர் அவங்களுக்கு எவ்ளோ கொழப்பமோ அதே அளவுதான் அவங்க அப்பா பேரு நமக்கு கொழப்பம்.

ரஷ்யன்ல அப்பா பேரு நடுவுல வரும், பையனுக்கு ஓவிச் எவிச், பொண்ணுக்கு ஓவ்னா எவ்னா. மரியாதையா கூப்பிடணும்னா சார் மேடம்லாம் கிடையாது, சொந்தப் பேரையும் அப்பா பேரையும் சேத்துச் சொல்லணும், இவான் பெத்ரோவிச், அன்னா இவானோவ்னா, இப்படி. கவனிக்க வேண்டியது என்னன்னா அவங்க ஃபாரின் பாஸ்போர்ட்ல அந்த அப்பா பேரு அவங்க எழுத்துல மட்டும்தான் இருக்கும், இங்கிலீஷ் எழுத்துல இருக்காது, அதனால ஃபார்ம்ல தேடாதீங்க. ஆனா செர்பியாக்காரங்க வந்தா அதே இச் குடும்பப் பேரா நிக்கும். ஜோகோவிச்சுன்னா ஜோக்கோங்கிற ஆளோட வம்சம், அது அவரு அப்பா பேரு இல்ல. ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்ச எடுத்தா, ஸ்லாட்டன்னா தங்கம், இப்ராஹிமோட புள்ள, ஆக தங்கராசு இப்ராஹிம். பாண்டியில ஃபுட்பால் பாக்குற எல்லாருக்கும் நான் இத சொல்லி முடிச்சுட்டேன்.

ஐ யூ எல் ஐ ஐ ஏ மேட்டரும் அன்னிக்கே தெளிஞ்சுது. ஒவ்வொரு எழுத்தையும் ஒரு இன்டர்நேஷனல் ரூல்படி அப்படியே மாத்துறாங்க, யூ-வுக்கு ரெண்டு எழுத்து, யா-வுக்கு ரெண்டு எழுத்து, அதான் யூலியா அப்படி வாயில நுழையாம ஆகிப்போகுது. ஆளு அதே ஆளுதான், பேரு அதே பேருதான். அந்தம்மாவ அரை மணி நேரம் நிக்க வச்சது இப்ப நெனச்சாலும் சங்கடமா இருக்கு.

செல்லப்பேரு கிளாஸ் லைட்டா போச்சு, ஆனா தேவையான கிளாஸ். அலெக்சாந்தர் சாஷா ஆவான், அலெக்சாந்த்ராவும் சாஷாதான். விளாதிமிர் வோவா, வலோத்யா. திமித்ரி தீமா. யெவ்கேனி ஷேன்யா. புக்கிங்ல சாஷான்னு இருக்கும், பாஸ்போர்ட்ல வேற இருக்கும், பதறக்கூடாது. நம்ம சுப்பிரமணி சுப்பு ஆகி ராஜேஸ்வரி ராஜி ஆகுற மாதிரிதான். இதுல வேடிக்கை என்னன்னா, அவங்க வீட்டுக்குள்ள கூப்பிடுற பேர நம்மாளுங்க பர்த் சர்டிஃபிகேட்ல போட்டுட்டோம். நடாஷாங்கிறது நதால்யாவோட செல்லம், தான்யா தத்யானாவோட செல்லம், சோனியா சோஃபியாவோட செல்லம். மிஷான்னு பொண்ணுக்கு பேரு வச்சிருக்காங்க பாருங்க, அது மிகயில்ங்கிற பையனோட செல்லப்பேரு. குடும்பப் பேரையும் நாம விட்டு வைக்கல. லெனின், ஸ்டாலின், காகரின் எல்லாம் அங்க வாலு, இங்க தலை. லெனினும் ஸ்டாலினும் அவங்களா வச்சுக்கிட்ட புனைபேரு, ஸ்டால்னா எஃகு, லெனினுக்கு லேனா ஆறுன்னு பெரும்பாலும் சொல்றாங்க. மு.க.ஸ்டாலின் பொறந்தது 1953 மார்ச் 1, அந்த ஸ்டாலின் செத்தது மார்ச் 5. காகரின் 1961ல இந்தியா வந்துட்டுப் போனப்புறம் எத்தனை வீட்டுல அந்தப் பேரு வச்சாங்களோ, அது காகராங்கிற ஒரு தண்ணிப் பறவையோட பேர்லேந்து வந்ததுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

அஞ்சாவது கிளாஸ்தான் எனக்கு ரொம்பப் புடிச்சுது. பாண்டியில, கடலூர்ல கத்தோலிக்க வீடுங்கள்ல பழைய பேருங்க இருக்கும்ல, அருளப்பன், ராயப்பன், சின்னப்பன், சூசை, முடியப்பன், பெலவேந்திரன். டீச்சரம்மா ஒரு பக்கம் அத எழுதுனாங்க, எதிர்ல இவான், பியோத்தர், பாவெல், ஓசிப், ஸ்தெபான், அந்த்ரேய்னு எழுதுனாங்க. எல்லாம் அதே ஆளுங்க! இவான்னா யோவான், நம்ம அருளப்பர். ஓசிப்போவ்னா சூசை மகன். பெத்ரோவ்னா ராயப்பன் மகன். நர்ஸ் அக்கா ஒருத்தங்க தாத்தா பேரே முடியப்பனாம், அவங்க அன்னியிலேந்து தன்ன ஸ்தெபானோவான்னு சொல்லிக்கிட்டாங்க. ஸ்தேபானோஸ்னா கிரேக்கத்துல கிரீடம், நம்மாளுங்க அத முடின்னு தமிழாக்கி முடியப்பர்னு வச்சாங்க, ரஷ்யாக்காரங்க சத்தத்த மட்டும் எடுத்துக்கிட்டாங்க. ஆனா அவங்களும் சில எடத்துல நம்மள மாதிரி பண்ணியிருக்காங்க. வேரா, நதேஷ்தா, ல்யுபோவ்னு பொண்ணு பேரு மூணு இருக்கு, விசுவாசம், நம்பிக்கை, அன்பு, கிரேக்கப் பேர சொந்தப் பேச்சுல மாத்துனது. பொக்தான்னா சாமி குடுத்தவன்.

988ல கீவ் ராஜா ஞானஸ்நானம் எடுக்குறதுக்கு முன்னாடி இருந்த சொந்தப் பேருங்க இன்னும் சுவாரசியம். ரெண்டு துண்டு ஒட்டி ஒரு பேரு. ஸ்லாவ்னா புகழ், நம்ம புகழேந்தி மாதிரி. யாரோஸ்லாவ், ஸ்வியாதோஸ்லாவ், போலெஸ்லாவ். விளாதிமிர்னா உலகத்த ஆள்றவன்னு வாட்ஸ்அப்ல வரும், டீச்சரம்மா அது பின்னாடி ஏத்துன அர்த்தம்னு சொன்னாங்க, பழைய எழுத்துல அந்த மிர் வேற எழுத்துல இருக்கு, பெரியவன், பேர் பெத்தவன்ங்கிற மாதிரி வரும், பிறகுதான் உலகம் சமாதானம்னு ஆயிடுச்சாம். முன்துண்டு மட்டும் ஆளுறதுதான், சென்னையிலேந்து கப்பல் ரூட்டு பேசுறாங்களே விளாதிவஸ்தோக், அதுல இருக்குறதும் அதே துண்டு, கிழக்க ஆளுன்னு அர்த்தம். வசந்தான்னு பேரு இருக்குறவங்க கேளுங்க, செர்பியாவுல வெஸ்னான்னு பொண்ணுங்களுக்கு வைப்பாங்க, ரெண்டும் ஒரே வேர்ச்சொல்.

அப்புறம் அந்தக் குப்பன் மேட்டர். புள்ளைங்க தங்காம போனா நம்ம பக்கம் அடுத்த புள்ளைக்கு குப்பன், பிச்சை, குப்பம்மான்னு வைப்பாங்கல்ல, எமன் ஏமாந்து போவான்னு. செர்பிய மொழிக்கு அகராதி போட்டு எழுத்தையே சீர்திருத்துன வூக் கராஜிச், 1787ல பொறந்தவரு, அவருக்கு முன்னாடி பொறந்த புள்ளைங்க செத்துப் போனதால சூனியக்காரி கிட்ட வரக்கூடாதுன்னு வூக்குனு வச்சிருக்காங்க, ஓநாய்ன்னு அர்த்தம். பழைய ரஷ்யாவுல நெக்ராஸ்னு வைப்பாங்களாம், அழகில்லாதவன். அதுலேந்துதான் நெக்ராசோவ்ங்கிற குடும்பப் பேரு வந்துச்சு. நெஷ்தான்னா எதிர்பாக்காம வந்தவன், ஷ்தான்னா காத்திருந்து கெடச்சவன். எங்க ஆயா பேரு குப்பம்மா. கிளாஸ் முடிஞ்சு பஸ்ஸுல வரும்போது அவங்க நெனப்பாவே இருந்துச்சு, பேரு ஏன் இப்படின்னு சின்ன வயசுல கேட்டு அடி வாங்கியிருக்கேன்.

ஊர்ப்பேரு கிளாஸுக்கு ஒரு பெரிய சார்ட் பேப்பர்ல மேப்பு கையால வரைஞ்சு, ஊரு எடத்துல ஆளு பேர எழுதி மாட்டியிருந்தாங்க. அத நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன், கேட்டா அனுப்புறேன். யாரோஸ்லாவ்ல்-னு ஒரு ஊரு, 1010ல அறிவாளி யாரோஸ்லாவ் கட்டுனதா சொல்றது, கடைசியில இருக்குற அந்த மெல்லிய ல்-தான் "உடைய"க்கு பழைய உருவம். லிவிவ், மேற்கு உக்ரைன்ல இருக்குறது, ஹாலிச் ராஜா தானிலோ தன் பையன் லெவ் பேர்ல கட்டுனது, 1256லேயே பேரு எழுத்துல வருது, லெவ்னா சிங்கம், லத்தீன்ல அதையே லியோபோலிஸ்னு ஆக்கிட்டாங்க. போலந்துல வ்ரோட்ஸ்வாஃப் வ்ராதிஸ்லாவ்ங்கிற ஆளு, போஸ்னான்னா போஸ்னான்ங்கிறவரு, தெரிஞ்சவன்னு அர்த்தம், கிராக்கோவ் அந்த டிராகன் கதையில வர்ற கிராக் ராஜா. ஸ்கோடா கார் கம்பெனி இருக்குற ஊரு ம்லாதா போலெஸ்லாவ், இளைய போலெஸ்லாவ். ஸ்தாரா போலெஸ்லாவ், அதாவது பழைய போலெஸ்லாவ்னு இன்னொரு ஊரு, அங்கதான் 10ஆம் நூற்றாண்டுல போலெஸ்லாவ்ங்கிற ஆளு கூடப் பொறந்த அண்ணன் வாட்ஸ்லாவ கொன்னது. இதுல கொடுமை என்னன்னா ரெண்டு பேருக்கும் ஒரே அர்த்தம், அதிகப் புகழ் உள்ளவன். அண்ணன் பேர்லதான் இன்னிக்கு பிராக் நடுவுல சதுக்கமே இருக்கு. அப்புறம் ஸ்கோடான்னா செக் பேச்சுல நஷ்டம், ஐயோ பாவம்னு ரெண்டு அர்த்தம், டாக்சி அண்ணன் பழைய ஸ்கோடா ஒண்ணு வாங்கி கையச் சுட்டுக்கிட்டவரு, அவரு சிரிக்கவே இல்ல.

பசங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சது பட்வைசருக்கு. செக் நாட்டுல புடியோவிட்சேன்னு ஊரு, புதிவோய்ங்கிற ஆளோட சனங்க இருக்குற எடம்னு அர்த்தம், ஜெர்மன்காரங்க அத பட்வைஸ்னு சொன்னாங்க, அந்த ஊர் சரக்கு பட்வைசர். பிறகு அமெரிக்காக்காரன் அந்தப் பேர எடுத்துக்கிட்டு, ரெண்டு பக்கமும் நூறு வருஷத்துக்கு மேல கேஸ் நடத்துனாங்க. பாண்டியில தெருவுக்குத் தெரு ஒருத்தன் சாயங்காலம் ஆனா யாருன்னே தெரியாத அந்த புதிவோய் பேரத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கான். டீச்சரம்மா இத சொல்லும்போது மூஞ்சில ஒரு சிரிப்பும் இல்ல.

நம்ம பக்கமும் ஆளு பேர்ல ஊரு இல்லாம இல்ல, லாஸ்பேட்டைன்னா பிரெஞ்சு கவர்னர் லா-வோட பேட்டை. பேர மாத்துறதுலயும் அவங்களுக்கு நாம சளைச்சவங்க இல்ல. பீட்டர்ஸ்பர்க் 1914ல பெத்ரோகிராத், 1924ல லெனின்கிராத், 1991ல மறுபடி பீட்டர்ஸ்பர்க். மரியுபோல் 1948லேந்து 1989 வரைக்கும் ஷ்தானோவ், அந்தக் காத்திருந்து கெடச்சவன் இருக்காரே அவரு வம்சப் பேருதான். எங்க மாவட்டமே 1993லேந்து தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம், விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம், 1997ல எல்லாத்தையும் எடுத்துட்டு கடலூர், விழுப்புரம்னு ஆக்குனாங்க. எங்க அப்பாவோட பழைய ரேஷன் கார்டுல வள்ளலார் இன்னும் இருக்காரு.

இனிமே குறை. நாலு மணி கிளாஸ் நாலரைக்குக் கொறஞ்சு ஒரு நாளும் ஆரம்பிச்சதில்ல. ஒரே ஃபேன், அது டீச்சரம்மா பக்கம் திரும்பியிருக்கும், ஷெட்டுக்குள்ள மார்ச்சு மாசமே வேகுது, ஆறு மணிக்கு மேல கொசு தூக்கிட்டுப் போயிடும். ஜெராக்ஸ் புக்கு எழுத்து சில பக்கம் மங்கலா இருக்கு, 14, 15ஆம் பக்கம் எனக்கு வரவே இல்ல. சிரிலிக்ங்கிற அவங்க எழுத்த ஒரே கிளாஸ்ல முடிச்சுட்டாங்க, மெடிக்கல் பசங்களுக்கு அது சுத்தமா போதாது, அவங்க வெளில வேற கிளாஸ் தேடிக்கணும். பல்கேரியா பக்கமே போகல, அங்கயும் ஓவ் ஓவாதான்னு ஒரு வரியோட முடிஞ்சுது. ராஜா கதை ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க, அந்த அண்ணன் தம்பி கொலைய மூணு தடவ கேட்டாச்சு. ஒரு கிளாஸ் மிஸ் ஆனா ரெக்கார்டிங் கிடையாது, கேட்டா "நான் என்ன டிவியா"ன்னு கேக்குறாங்க.

ஒண்ணு மட்டும் நான் கொஞ்சம் எதிர்பாத்தேன், கெடைக்கல. ரஷ்யா உக்ரைன் சண்டை பத்தி யாராவது கேட்டா பேச்ச மாத்திடுவாங்க. அந்த மெடிக்கல் தம்பிங்கள்ல ஒருத்தன் ரெண்டு தடவ கேட்டான். ஆனா அதுக்குப் பதிலா ஒரு பக்கம் முழுக்க டேபிள் போட்டுக் குடுத்தாங்க, ரஷ்யன்ல விளாதிமிர் உக்ரைன்ல வொலோதிமிர், அலெக்சாந்தர் ஒலெக்சாந்தர், நிகோலாய் மிக்கோலா, யெலேனா ஒலேனா. ரெண்டு நாட்டு அதிபரும் ஒரே பேருதான், எழுத்துல மட்டும் வித்தியாசம். பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே கூப்பிடு, உனக்கு வசதியான பேச்சுக்கு மாத்தாத, அது அவங்களுக்கு வலிக்கும்னு சொன்னாங்க. ஜனவரில வந்த ஒரு கெஸ்ட்ட நான் விளாதிமிர்னு கூப்பிட்டு அவரு மெதுவா திருத்துனது ஞாபகம் வந்துச்சு. ஓவ் இல்லாம என்கோ, சுக்-னு முடிஞ்சா பெரும்பாலும் உக்ரைன் வம்சம், பெத்ரென்கோன்னா பெத்ரோங்கிறவரோட சின்னவன், அதுக்கு ஆண் பெண் வால் மாறாது, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். இது ஃபார்ம் அடிக்கிறவங்களுக்கு முக்கியம்.

கடைசி கிளாஸ் வெளியில. அரவிந்தர் ஆசிரமத்து விடுதியான கோல்கொண்டே கட்டடத்த ரோட்டுல நின்னு காட்டுனாங்க, உள்ள விடமாட்டாங்க. நான் டெய்லி அந்தப் பக்கம் போறவதான், யாரு கட்டுனதுன்னு கேட்டதே இல்ல. வரைஞ்சவரு ஆன்டோனின் ரேமண்ட், செக் நாட்டுல க்லாத்னோவுல 1888ல பொறந்தவரு, ரைமன்னு இருந்த பேர ரேமண்டா மாத்திக்கிட்டவரு. இங்கயே இருந்து வேலைய பாத்ததுல ஒருத்தரு ஃப்ரான்டிஷெக் சம்மர், அவரும் செக். ஃப்ரான்டிஷெக்னா யாரு சொல்லுன்னு என்னக் கேட்டாங்க. பிரான்சிஸ்னேன். இந்த ஊர பிரெஞ்சுக்காரங்களுக்கு நிலைக்க வச்ச மர்த்தேன் பேரு என்ன? பிரான்சுவா. அதோட கிளாஸ் முடிஞ்சுது, எல்லாரும் பக்கத்துல சுக்கு காபி குடிச்சுட்டுக் கெளம்பினோம், காசு செஸ் தாத்தா குடுத்தாரு.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். ஓட்டல், டிராவல்ஸ், ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல இருக்குறவங்க தாராளமா போங்க, மெடிக்கல் பசங்க பேச்சுக்கு வேற எடம் பாத்துக்கிட்டு இதையும் போங்க. அடுத்த பேட்ச் மழைக்காலம் முடிஞ்சுதான் எடுப்பாங்களாம். வண்டி நிறுத்த எடமில்ல, பஸ்ஸுல வர்றது நல்லது. மாடிப்படிக்கு கைப்பிடி கிடையாது, கடைசி ரெண்டு படி ஒசரம் ஜாஸ்தி, பாத்து ஏறுங்க.